கிளாஸ் சாயும் வரை

எர்சுரூம் ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள தெருவில் சப்ரி பே வீட்டுக்கு டீ குடிக்கப் போகிறவர்கள் வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். எப்போது திரும்புவீர்கள் என்று கேட்டால் மட்டும் பதில் வராது. அது அவர்கள் கையில் இல்லை.

சப்ரி ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர்; பே என்பது அந்த ஊரில் மரியாதைக்குச் சேர்க்கிற 'ஐயா'. கொடியையும் விளக்கையும் ஒப்படைத்துவிட்டு வந்த மறுநாள் காலை அவர் செய்த முதல் காரியம், சமையலறைக்குள் நுழைந்து டீக் கெட்டில்கள் இரண்டையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டதுதான். மனைவி நாஜியே கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் டீ போட்டுக்கொண்டிருந்தவள்.

"அப்ப இத்தனை வருஷமா நான் போட்டது என்ன, கழுநீரா?" என்று கேட்டாள்.

"நான் அப்படிச் சொல்லலையே. நீயாத்தான் சொல்றே."

அன்று முழுக்க வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் டீ நன்றாக இருந்தது என்று நாஜியேயே பிற்பாடு பக்கத்து வீட்டில் ஒப்புக்கொண்டாளாம்.

நன்றாக இல்லாமல் எப்படி இருக்கும்? அந்த மனிதர் குழாய்த் தண்ணீரைத் தொடமாட்டார். மலையடிவாரத்து ஊற்றிலிருந்து, பனிக்காலமானால் சறுக்குவண்டியில் கேனை வைத்து, மூச்சிரைக்க இழுத்துக்கொண்டு வருவார். கீழ்க் கெட்டிலில் தண்ணீர், அதன் தலைமேல் உட்காரும் சின்னக் கெட்டிலில் இலை. தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது இலைமேல் ஊற்றினால் குற்றம். கொதி அடங்கின பிறகுதான் ஊற்ற வேண்டும். அதற்கப்புறம் இலை தானாக அடியில் இறங்குகிறவரை யாரும் கிளறக் கூடாது, கெட்டிலை ஆட்டக் கூடாது. ஒரு தடவை நாஜியே மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டாள். "பிரசவ அறைக்குள்ள எட்டிப் பாக்கிற மாதிரி பாக்கிறியே, வெக்கமா இல்லை உனக்கு?" என்று கத்தினார் பாருங்கள், தெருவில் போன நாய் நின்று கேட்டுவிட்டுப் போனது.

இடுப்பு ஒடுங்கின சின்னக் கிளாஸில் டிகாஷனை விட்டு, வெந்நீர் சேர்த்தால், முயல் ரத்தம் போல நிறம் வர வேண்டும். விளிம்பில் உதடு வைக்க இடம் விட வேண்டும். சர்க்கரையைக் கரைத்துக் குடிக்கிற பழக்கம் எர்சுரூம்காரர்களுக்குக் கிடையாது. கருங்கல்லாய் இருக்கும் சர்க்கரைக் கட்டியை இடுக்கியால் நறுக்கி, ஒரு துண்டைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு அதன்மேல் டீயை ஓட விடுவார்கள். கலக்குகிற வேலையே இல்லாததால் கிளாஸோடு ஸ்பூன் வராது.

விருந்தாளி "போதும்" என்று வாயால் சொன்னால் அந்த ஊரில் அதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஏதோ உபசாரத்துக்குச் சொல்கிறான் என்று மறுபடி ஊற்றிவிடுவார்கள். நிஜமாகவே போதுமென்றால் காலிக் கிளாஸைத் தட்டில் பக்கவாட்டில் படுக்க வைக்க வேண்டும். கிளாஸ் நிமிர்ந்து நிற்கிறவரை வீட்டுக்காரன் ஊற்றுவான். ஊர் வழக்கம் இவ்வளவுதான். சப்ரி தன் பங்குக்குக் கூடுதலாக ஒரு சட்டம் சேர்த்திருந்தார். கிளாஸ் நிற்கிறவரை அந்த வீட்டில் யாரும் காரியப் பேச்சை எடுக்கக் கூடாது. முதலில் டீ, பிறகுதான் பேச்சு.

எதிர்வீட்டு இத்ரீஸ் ஒருநாள் அவசரமாக வந்தார். உட்கார வைத்து ஊற்றினார் சப்ரி. இத்ரீஸ் குடித்தார், வாயைத் திறந்தார், சப்ரி மறுபடி ஊற்றினார். கடைசியில் கிளாஸைச் சாய்த்துவிட்டு, "ஒண்ணுமில்லை சப்ரி பே, உங்க வீட்டுப் புகைபோக்கி பத்தி எரியுது, அதைச் சொல்லலாம்னுதான் வந்தேன்," என்றாராம். இது தெருவில் கட்டிவிட்ட கதை என்று சப்ரி சொல்வார். புகைபோக்கி புதிதாகக் கட்டினது என்னவோ உண்மை.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஒரே மகள், நெஸ்ரின். மருத்துவமனையில் நர்ஸ். கட்டினால் துர்குத்தைத்தான் கட்டுவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டாள். துர்குத் கால்நடை டாக்டர். எர்சுரூம் நாட்டின் கிழக்குக் கோடி என்றால், அவன் சொந்த ஊர் அய்தின் மேற்குக் கடைசி. அத்தியும் ஆலிவும் விளைகிற பக்கம். எர்சுரூமுக்கு வேலைக்கு வந்தவனுக்கு இப்போது சொந்த ஊர்ப் பக்கமே மாற்றல் வந்துவிட்டது. பையன் தங்கமான பையன். சப்ரி வீட்டில் டீ குடித்து, சரியாகக் கிளாஸைச் சாய்த்து, மரியாதையாக எழுந்து போகிறவன். அவன்மேல் சொல்ல ஒரு குறையாவது கிடைக்காதா என்று சப்ரி தேடித் தேடிப் பார்த்து ஓய்ந்துபோனார்.

அய்தின் எங்கே இருக்கிறது என்பது மற்ற அப்பன்களுக்கு வரைபடத்தில்தான் தெரியும். சப்ரிக்கு அது தண்டவாளத்தில் தெரியும். ஒவ்வொரு ஸ்டேஷனாக மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனார். அங்காரா வந்ததும் அதற்கு மேல் போக மாட்டாமல் நின்றுவிட்டார். மகளை அவ்வளவு தூரம் அனுப்ப அவரால் முடியாது. 'வேண்டாம்' என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவும் முடியாது.

துர்குத்தின் அப்பா ஹில்மி சொல்லி அனுப்பினார்: ஆலிவ் பறிப்பு நடக்கிற நேரம், தங்க முடியாது, மத்தியானம் வந்து பெண் கேட்டுவிட்டுச் சாயங்கால ரயிலில் திரும்பிவிடுவோம். துர்குத்தும் அதே ரயிலில் புது வேலைக்குக் கிளம்புகிறான். பெண் கேட்கப் போன வீட்டில் கேட்காமலே திரும்பினால் மறுபடி அந்தப் படியை அப்பா மிதிக்க மாட்டார், அவ்வளவு ரோஷக்காரர் என்று துர்குத்தே நெஸ்ரினிடம் சொல்லியிருந்தான். நெஸ்ரின் அதை அப்பாவிடம் கவலையோடு சொன்னாள். சப்ரிக்கோ அதைக் கேட்டதும் உள்ளே ஒரு விளக்கு எரிந்தது.

யாரும் 'வேண்டாம்' என்று சொல்லவே வேண்டியதில்லையே! சாயங்கால ரயில்வரை ஹில்மியின் கிளாஸ் நின்றால் போதும்.

"அப்பா, அவங்க கரைச்சுக் குடிக்கிறவங்க. மறக்காம ஸ்பூன் வைக்கணும்," என்றாள் நெஸ்ரின்.

"வச்சுட்டாப் போச்சு."

சப்ரிக்கு மேற்கத்திக்காரர்களின் பழக்கம் நன்றாகத் தெரியும். எத்தனை பேரோடு ரயிலில் டீ குடித்திருக்கிறார்! அவர்கள் கிளாஸைச் சாய்க்க மாட்டார்கள். போதுமென்றால் ஸ்பூனைக் கிளாஸின் வாய்மேல் குறுக்கே வைப்பார்கள். ஸ்பூன் இல்லாவிட்டால் ஊமையன்தான். விருந்தாளிகள் வருகிற அன்று காலையிலேயே டிராயரில் இருந்த டீ ஸ்பூன்களை ஒன்று விடாமல் வாரி, தன் பழைய ரயில்வே கோட்டின் உள்பையில் போட்டு, கோட்டையும் மாட்டிக்கொண்டார்.

ஹில்மி பெரிய மீசையோடும் உலர்ந்த அத்திப்பழம் நிறைந்த பெரிய கூடையோடும் வந்தார். மனைவி சாதெத் சிரித்த முகக்காரி. துர்குத் புது சூட்டில், கழுத்துப் பட்டை இறுக்க, முழங்கால்களை ஒட்டி வைத்து உட்கார்ந்தான். மாப்பிள்ளையாக வரப்போகிறவன் பெரியவர்கள் முன்னால் வாய் திறக்கக் கூடாது, அது முறை. காபி கலக்கிக் கொண்டுவந்து கொடுக்க நெஸ்ரின் சமையலறையில் காத்திருந்தாள். காபி வந்ததும் ஹில்மி கடவுள் பெயரைச் சொல்லித் தொடங்கும் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பெண் கேட்பார். ஆனால் காபி வர, முதலில் டீ முடிய வேண்டுமே.

"ஏங்க, ஸ்பூனெல்லாம் எங்க போச்சு?" நாஜியே வாசலில் நின்று கிசுகிசுத்தாள்.

"எனக்கென்ன தெரியும்? சமையலறை உன்னுதுதானே."

"இன்னிக்கு மட்டும் என்னுதாக்கும்! அது சரி, கணப்பு இந்த எரி எரியுது, எதுக்கு இந்தக் கோட்டு?"

"குளுரு விட்டு விட்டு அடிக்குது. நீ போ."

முதல் கிளாஸை ஹில்மி ரசித்துக் குடித்தார். "அடடா! சப்ரி பே, இது டீ! நாங்க குடிக்கிறது சாயத்தண்ணி!" என்றார். மனசாரச் சொன்னார். சப்ரிக்கு ஒரு கணம் உச்சி குளிர்ந்தது. எதிரி இப்படி நல்லவனாக இருந்தால் சண்டை போடுவது கஷ்டம்தான். ஊற்றினார். ஹில்மி குடித்தார். மறுபடி ஊற்றினார்.

கொஞ்ச நேரத்தில் ஹில்மியின் கண் தட்டில் எதையோ தேடியது. சர்க்கரைக் கிண்ணத்துக்குப் பின்னால் தேடியது. மனைவியின் தட்டிலும் தேடியது. ஸ்பூன் கேட்டால், உங்கள் டீ இனிக்கவில்லை என்று சொன்னதாகிவிடுமோ என்று பயந்து பேசாமல் இருந்தார். சாதெத் கெட்டிக்காரி. நிரம்பின கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு உதட்டை நனைப்பதோடு சரி. அதில் ஊற்ற இடமே இல்லை.

துர்குத்துக்குக் கிளாஸைச் சாய்க்கிற வழக்கம் தெரியும். சொல்லத்தான் முடியவில்லை. தன் கிளாஸைக் காலி செய்து, அப்பா பார்க்கட்டும் என்று நன்றாகத் தள்ளி வைத்துத் தட்டில் சாய்த்தான். ஹில்மி பார்த்தார். "மன்னிச்சுக்கோங்க, பையனுக்குப் படபடப்பு. தட்டி விட்டுட்டான்," என்று சொல்லி, தன் கையாலேயே அதை எடுத்து நிமிர்த்தி வைத்தார். சப்ரி உடனே அதை நிரப்பினார். துர்குத் அந்த டீயைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பாவம்.

"அப்புறம் சப்ரி பே, நாங்க வந்த காரியம் என்னன்னா…"

"ஆறிடும், குடிங்க குடிங்க. எங்க வீட்டில முதல்ல டீ, அப்புறம்தான் பேச்சு."

"போதும் சப்ரி பே. நிஜமா போதும்."

"சும்மா வெக்கப்படாதீங்க!"

ஹில்மி கிளாஸைக் கையால் மூடினார். "கை விறைக்குதா? நல்லா சூடு காட்டுங்க," என்று விரலிடுக்கு வழியாக ஊற்றப் போனார் சப்ரி. ஹில்மி பாதி மிச்சம் வைத்துப் பார்த்தார். "அடடா, ஆறிப்போச்சே!" என்று சப்ரி அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றினார். கடைசியில் மனிதர் நெற்றி வியர்வையோடு கோட்டுப் பையைத் துழாவி, தன் மீசைச் சீப்பை எடுத்து, கிளாஸின் வாய்மேல் குறுக்கே வைத்தார்.

சப்ரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் சொல்ல வருவது பச்சைக் குழந்தைக்கும் புரியும். ஆனாலும் மனசைக் கல்லாக்கிக்கொண்டார். "சீப்பை மறந்து இங்க வச்சிட்டீங்களே," என்று எடுத்துத் துடைத்து, மரியாதையாக ஹில்மியின் கையில் கொடுத்துவிட்டு, ஊற்றினார்.

ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்க முடியாது என்பார்கள். ஹில்மி இரண்டையும் சேர்த்து அடக்கிக்கொண்டிருந்தார். கால்மேல் கால் போட்டார், காலை மாற்றினார், மீசையைக் கடித்தார். பெண் கேட்க வந்த இடத்தில் முதல் பேச்சே அதுவாக இருக்கக் கூடாது என்று வைராக்கியம். ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. கார்டாக இருந்தவருக்குக் கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை; கிழக்கேயிருந்து வண்டி வந்துகொண்டிருக்கும் என்று சப்ரிக்கு உடம்பே சொன்னது. இன்னும் கொஞ்ச நேரம்தான். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தார். நினைத்தாரே தவிர, சந்தோஷம் வரவில்லை.

அப்போது நெஸ்ரின் பலகாரத் தட்டோடு உள்ளே வந்தாள். அப்பா பக்கம் குனிந்து மெதுவாக, "ரயில் போயிடும்ப்பா," என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். கோபமில்லை, குற்றம் சாட்டவில்லை. அப்பா மறந்துவிட்டார், ஞாபகப்படுத்தினால் சரியாகிவிடும் என்று நம்பிச் சொன்னாள். அந்த நம்பிக்கைதான் சப்ரியைக் கொன்றது. கெட்டில் பிடித்த கை சர்க்கரைக் கிண்ணத்தைத் தட்டிவிட்டது. சர்க்கரை பொறுக்கக் குனிந்தார்.

கோட்டின் உள்பையிலிருந்து ஒரு ஸ்பூன் விழுந்தது. பிடிக்கப் போனார். இன்னொன்று விழுந்தது. அப்புறம் அத்தனையும் கலகலவென்று கம்பளத்தில் கொட்டின. கடைசி ஸ்பூன் சறுக்கிப் போய் ஹில்மியின் காலருகில் நின்றது.

"அடப் பாவி மனுஷா!" என்றாள் வாசலிலிருந்து நாஜியே.

சப்ரி முட்டி போட்டபடியே இருந்தார். நெஸ்ரின் முகத்தைப் பார்க்க அவருக்குத் துணிவில்லை. ஹில்மி குனிந்து அந்த ஸ்பூனை எடுத்தார். அதைத் தன் கிளாஸின் மேல் குறுக்கே வைத்தார். ஸ்பூன் நழுவாமல் இருக்கிறதா என்று ஒருதரம் பார்த்துக்கொண்டார். பிறகு எழுந்து நின்றார்.

"சப்ரி பே, மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். உங்க வீட்டில கக்கூஸ் எங்க இருக்கு?"

அது கொல்லைக் கோடியில் இருந்தது. முற்றமெல்லாம் பனி உறைந்து கண்ணாடியாகக் கிடந்தது. கொல்லைக் குழாய் உறைந்து வாரக்கணக்காயிற்று. சப்ரி கணப்பின் மேலிருந்த கீழ்க் கெட்டிலை எடுத்து, ஊற்றுத் தண்ணீரை அப்படியே கெண்டியில் ஊற்றிக் கொஞ்சம் பனிக்கட்டியும் போட்டு ஆற்றினார். நாஜியே அதைப் பார்த்துவிட்டு, திட்ட வந்தவள் திட்டாமல் நின்றாள். வழுக்கி விழப்போன ஹில்மியைத் தோளில் தாங்கிக்கொண்டு சப்ரி முற்றத்தைக் கடந்தார். ஹில்மி கெண்டியைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். சப்ரி வெளியே குளிரில் நின்றார்.

நெடுநேரம் கழித்து உள்ளேயிருந்து ஒரு பெருமூச்சு வந்தது.

"சப்ரி பே, இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"பொண்ணு குடுக்க இஷ்டம் இல்லைன்னா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. இப்படியா ஒரு மனுஷனைக் கொல்றது?"

"இஷ்டம் இல்லைன்னு யாரு சொன்னா? உங்க பையன் தங்கம்." கதவைப் பார்த்துப் பேசுவது சப்ரிக்குச் சுலபமாக இருந்தது. "எனக்கு அவளை அனுப்ப மனசு வரலை, அவ்வளவுதான். நான் டூட்டி முடிச்சு எந்த நேரத்துக்கு வந்தாலும், இந்தப் பக்கம் ஜன்னல்ல நின்னு கைகாட்டுவா. சின்னப் புள்ளையிலேர்ந்து. அவ இல்லாத வீட்டில நான் யாருக்கு டீ ஊத்துவேன்? நான் பண்ணினது தப்பு. அவ மூஞ்சில எப்படி முழிப்பேன்னு தெரியலை."

உள்ளே கெண்டியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"என் பொண்ணைக் கேக்க வந்தாங்க இல்லை, அன்னிக்கு நான் என்ன பண்ணேன் தெரியுமா? ஆலிவ் மரத்து மேல ஏறி உக்காந்துக்கிட்டேன். யாரு கூப்பிட்டும் இறங்கலை. பாவம், அவங்க மரத்தடியில நின்னு அண்ணாந்து பாத்துக் கேட்டாங்க."

"அப்புறம்?"

"மேலேருந்தே குடுத்தேன். சாதெத் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா."

சப்ரிக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். "உங்களுக்குப் பக்கத்து ஊராயிருக்கும்."

"பக்கத்து ஊருதான். ஆனா நீங்க ரயில்வேக்காரராச்சே, உங்களுக்குப் பாஸ் கிடையாதா?"

"இருக்கு."

"அப்ப கெட்டிலைத் தூக்கிட்டு வண்டி ஏறுங்க. எங்க வீட்டுச் சாயத்தண்ணியை யாராவது திருத்த வேணாமா?"

சப்ரியின் மனசு ஒவ்வொரு ஸ்டேஷனாகப் போய்க்கொண்டிருந்தது. இந்தத் தடவை அங்காராவில் நிற்காமல் மேலே போனது.

தூரத்தில் எஞ்சின் ஊதியது.

"ஐயையோ, ரயில்!" என்றார் ஹில்மி உள்ளேயிருந்து. "இனிமே உள்ள போய் காபி குடிச்சு எப்பக் கேக்கிறது? அதெல்லாம் ஆகாது. இங்கேருந்தே கேட்டுடறேன், குறிச்சுக்கோங்க." தொண்டையைச் செருமினார். முறையான, கனமான குரலுக்கு மாறினார்.

சப்ரிக்கு ரத்தம் உறைந்தது. அந்த வாக்கியத்தின் முதல் சொல்லே கடவுள் பெயர்! கழிப்பறைக்குள் இருந்துகொண்டு அந்தப் பெயரை வாயில் எடுக்கலாமா? அதுவும் தன் மகளின் கல்யாணப் பேச்சில்! கதவை இரண்டு கையாலும் படபடவென்று தட்டினார். ரயிலின் கடைசிப் பெட்டியிலிருந்து எஞ்சின்வரை கேட்ட பழைய கார்டு குரல் தானாக வந்துவிட்டது.

"வேணாம்! சொல்லாதீங்க! வாயைத் திறக்காதீங்க! வெளிய வாங்க, குடுக்கிறேன்! குடுத்துட்டேன்! என் பொண்ணை உங்க பையனுக்குக் குடுத்துட்டேன்! வாயை மூடிட்டு முதல்ல வெளிய வாங்க!"

சமையலறை ஜன்னல் திறந்தது. எதிர்வீட்டு இத்ரீஸின் ஜன்னலும் திறந்தது. தெருவில் இன்னும் எத்தனை ஜன்னல்கள் திறந்தன என்று சப்ரி திரும்பிப் பார்க்கவில்லை. நெஸ்ரின் ஜன்னலில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அந்த அரையிருட்டில் தெரியவில்லை.

கதவு திறந்தது. ஹில்மி தலை குனிந்து, குற்றவாளி போல வெளியே வந்தார். சப்ரி கெண்டியை வாங்கி, மிச்சமிருந்த வெந்நீரை அவர் கைகளில் ஊற்றினார். ஹில்மி கையை உதறி, கோட்டை இழுத்துவிட்டு, மீசையைச் சரிசெய்து, பனியில் நிமிர்ந்து நின்றார்.

"சப்ரி பே, கடவுளின் ஆணைப்படியும் நபியின் வாக்குப்படியும், உங்க பொண்ணு நெஸ்ரினை எங்க பையன் துர்குத்துக்குக் கேக்கிறேன்."

இதற்குப் பெண்ணின் அப்பன் சொல்ல வேண்டிய மறுமொழி ஒன்று உண்டு. சப்ரி அதைப் பல கல்யாணங்களில் கேட்டிருக்கிறார். வாயைத் திறந்தார், அது வரவில்லை. காலிக் கெண்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவும் மறந்துபோனார்.

"அதான் குடுத்துட்டேனே சம்பந்தி," என்றார்.